காலனிக்கு ஒரு கிரவுண்டு: பணம் இருக்கு, மனுதான் போகலை

1/ சுகர், பிரஷர்னு வர்றவங்ககிட்ட "தினமும் நடங்க"ன்னு சொல்றோம். பெரியவங்களுக்கு வாரம் 150 நிமிஷம், பிள்ளைங்களுக்கு தினம் 60 நிமிஷம் உடற்பயிற்சி வேணும்ங்குது உலக சுகாதார நிறுவனம். சரி, எங்கே? பண்ருட்டியைச் சுத்தி பல காலனிப் பிள்ளைங்களுக்கு ரோடும் அறுவடை முடிஞ்ச கொல்லையும்தான் மைதானம்.

2/ சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025 அக்டோபர்ல ஆசிய இளையோர் விளையாட்டுல கபடி தங்கம் ஜெயிச்சாங்க. அரசு 25 லட்சம் கொடுத்தது. ரொம்ப சந்தோஷம். மெடல் வாங்காத பிள்ளைங்களுக்கும் விளையாட இடம் வேணுமே!

3/ பணம் இருக்கு. எம்.பி. நிதி வருஷம் 5 கோடி. அதுல 15% பட்டியல் சாதியினர், 7.5% பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்குன்னு விதி. அதாவது 75 லட்சம், 37.5 லட்சம். எம்.எல்.ஏ. நிதி தனி.

4/ அடுத்தது 'நமக்கு நாமே'. மதிப்பீட்டுல மூணுல ஒரு பங்கு மக்கள் கட்டணும், மீதி அரசு. கிராமப்புறத்துல ஆதிதிராவிடர், பழங்குடியினர் பகுதின்னா அஞ்சுல ஒரு பங்கு போதும். இது பல பேருக்குத் தெரியாது.

5/ ஆனா 10 லட்சம் வேலைக்கு அதுவே 2 லட்சம். முந்திரி உடைக்கிற குடும்பங்க எங்கே போகும்? அந்தப் பங்கை தனி நபரோ கம்பெனியோ கூட கட்டலாம். ஊர்ல வசதியா இருக்கிறவங்க யோசிங்க.

6/ "பஞ்சாயத்துக்கு ஒண்ணு"ன்னு வர்ற மைதானம் பெரும்பாலும் ஊர்ப் பக்கம்தான் அமையும். அங்கே காலனிப் பிள்ளை தயங்காம போய் விளையாட முடியுமா? அதனால இடத்தை மனுவுலயே எழுதிக் கேளுங்க.

7/ எப்படி?
• வி.ஏ.ஓ.கிட்ட புறம்போக்கு சர்வே நம்பர் வாங்குங்க. இடத்துல சிக்கல் இருந்தா நிதி நகராது.
• கிராம சபையில தீர்மானம் போடுங்க: ஜன 26, மார்ச் 22, மே 1, ஆக 15, அக் 2, நவ 1.
• நகலோட பி.டி.ஓ. ஆபீஸ், எம்.எல்.ஏ., எம்.பி., திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் நாள், எல்லா இடத்துலயும் மனு கொடுங்க. ரசீது வாங்காம வராதீங்க.

8/ கூடவே ஒரு மேடையும் கேளுங்க. தெருக்கூத்து ஆடுற ஊருங்க நம்மது. பகல்ல கபடி, ராத்திரி கூத்து, ஒரே இடம் போதும்.

9/ வாத்தியார், நர்ஸ், வக்கீல், டாக்டர், யாரா இருந்தாலும் சரி. அடுத்த கிராம சபைக்குள்ள ஒரு காலனிக்கு, ஒரு இருளர் குடியிருப்புக்கு மனு எழுதிக் கொடுங்க. கேட்கத் தெரிஞ்ச ஊருக்கே நிதி போறது இனியாவது மாறட்டும்.