பெரிய செயின் வீல் யாருக்கு வேண்டும்?

கோவையில் நம் வயதுக்காரர்கள் மின்சார சைக்கிள் வாங்குவது பெருகிவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் வாங்கிய இரண்டு மூன்று மாதத்தில் பலருக்கும் ஓர் ஆசை வருகிறது. முன்னால் இருக்கும் செயின் வீலைக் கழற்றிவிட்டு, இன்னும் நாலு பல் கூடுதலாக உள்ளதைப் போட்டால் வண்டி வேகமாகப் போகுமே என்று. அறுபது தாண்டியவர்கள் இதைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

என் நண்பர் ஒருவர், வயது 68, மலைப்பாதைக்கென்று செய்த மின்சார சைக்கிள் வாங்கியிருக்கிறார். மோட்டார் பெடலுக்கு நடுவிலேயே இருக்கும் வகை. முன்னால் 34 பல். பின்னால் அடுக்காகப் பத்து சக்கரங்கள். சின்னதில் 11 பல், பெரியதில் 46. ஞாயிற்றுக்கிழமை இளைஞர்களோடு சேர்ந்து போகிறார். சமவெளி ரோட்டில் அவர்கள் முந்திப் போய்விடுகிறார்கள். "ஏனுங்க, கால் சும்மா சுத்துதுங்க, லோடே இல்லீங்க. 38 பல்லு போட்டுட்டா சரியாயிடும்னு கடைக்காரத் தம்பி சொல்றாரு" என்றார். இத்தனைக்கும் இவருக்கு வலது முழங்கால் தேய்மானம். படிக்கட்டு ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்கிறவர்.

நான் நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்தவன். பல்சக்கரம் மாற்றுவது எனக்குத் தினசரி வேலை. ரிங் ஃபிரேமில் முறுக்குக்கான சக்கரத்தை மாற்றி முறுக்கைக் குறைத்தால், முன் ரோலர் வேகமாகச் சுற்றும், உற்பத்தி ஏறும். மேனேஜருக்குச் சந்தோஷம். ஆனால் நூல் வலு குறைந்து அறுபட ஆரம்பிக்கும். சைடர் பெண்கள் ஒட்டிக்கொண்டே ஓட வேண்டியதுதான். பல்சக்கரம் எதையும் சும்மா கொடுப்பதில்லை. ஒரு பக்கம் கொடுத்தால் இன்னொரு பக்கம் வாங்கிக்கொள்ளும். சைக்கிளிலும் அதே கதைதான்.

இப்போது கணக்கு. நண்பரின் சைக்கிளில் 29 அங்குலச் சக்கரம். ஒரு சுற்றுக்குச் சுமார் 2.3 மீட்டர் உருளும். முன்னால் 34, பின்னால் 11 என்றால், பெடலை ஒரு முறை மிதித்தால் வண்டி 7.1 மீட்டர் போகும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்தில் 59 மிதி போதும். நிமிடத்துக்கு 59 என்பது வேகமான மிதியே இல்லை. நாம் வேலைக்குப் போன காலத்துப் பழைய சைக்கிள் ஞாபகம் இருக்கிறதா? என்னுடையதில் முன்னால் 44, பின்னால் 18. அதில் நிமிடத்துக்கு 60 மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டர் சொச்சம்தான் போகும். அப்படியே பீளமேட்டுக்கும் சிங்காநல்லூருக்கும் போய் வந்தோம். அதைவிடப் பெரிய கியர் நண்பரிடம் ஏற்கனவே இருக்கிறது.

பிறகு ஏன் கால் சும்மா சுற்றுகிறது என்கிறார்? பக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன். அவர் பின்னால் நடுச் சக்கரத்திலேயே வைத்து ஓட்டுகிறார். கியர் மாற்றும் பழக்கம் இல்லை. நம் தலைமுறைக்கு சைக்கிளில் கியர் ஏது? மூன்று தட்டுத் தட்டி 11 பல்லுக்கு இறக்கியதும் "அட, லோடு வந்துடுச்சுங்களே!" என்றார்.

"அது சரிங்க, 38 போட்டால் இன்னும் வேகம் வருமல்லவா?" என்று கேட்பீர்கள். இங்கேதான் பலருக்குக் குழப்பம். நம் நாட்டு மோட்டார் வாகன விதிப்படி, லைசென்ஸும் பதிவும் இல்லாமல் ஓட்டும் இந்த வகை சைக்கிளின் மோட்டார் 250 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. வேகம் 25 கிலோமீட்டரை எட்டும்போது மோட்டார் படிப்படியாகக் குறைந்து நின்றுவிட வேண்டும். வேகத்தை அளக்கும் சென்சார் பார்ப்பது சக்கரம் சுற்றும் வேகத்தை. செயின் வீலில் எத்தனை பல் என்று அது எண்ணுவதில்லை. நீங்கள் 38 போட்டாலும் 42 போட்டாலும் மோட்டார் அதே 25-ல் கைகழுவிவிடும். அதற்கு மேல் இருபத்து மூன்று, இருபத்து நான்கு கிலோ எடையுள்ள வண்டியைத் தள்ளப்போவது உங்கள் கால்.

காற்றையும் கணக்கில் சேருங்கள். 25-லிருந்து 30 கிலோமீட்டருக்குப் போக, காற்றைக் கிழிப்பதற்கு மட்டும் 70 சதவீதத்துக்கு மேல் கூடுதல் சக்தி வேண்டும். அதுவும் காற்று வீசாத நாளில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் வாளையாறு பக்கம் மேற்கே பார்த்து மிதித்துப் பாருங்கள். இருக்கிற 34 பல்லே பெரிதாகத் தோன்றும்.

வரவு இவ்வளவுதான். இனி செலவு. பெரிய செயின் வீல் எல்லா கியரையும் சுமார் 12 சதவீதம் கனமாக்கிவிடும். இப்போது மிக இலகுவான கியரில் ஒரு மிதிக்கு 1.7 மீட்டர் போகிறது. 38 போட்டால் 1.9 மீட்டர். இருபது சென்டிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். கணக்குப்படி அது முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் சரிபாதியில் நிற்கிறது. மலையேற நமக்கென்று வைத்திருந்த கடைசிக் கியரில் பாதியை விற்றுவிட்டோம் என்று அர்த்தம்.

மோட்டார் இருக்கிறதே, அது ஏற்றிவிடாதா? நடுவில் மோட்டார் உள்ள வண்டியில் மோட்டாரும் அதே செயின் வீலைத்தான் சுற்றுகிறது. நமக்குக் கனமானால் அதற்கும் கனம்தான். மெதுவாகச் சுற்றித் திணறும், சூடாகும், பேட்டரியை வீணாகக் குடிக்கும். இந்த மோட்டார்களுக்கு நிமிடத்துக்கு எழுபது, எண்பது மிதி என்றால்தான் சுகம். கோத்தகிரி ஏற்றத்திலோ, ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ பேட்டரி தீர்ந்துபோனால் என்ன ஆகும்? அப்போது அந்த முதல் கியர் ஒன்றுதான் துணை.

முழங்காலுக்கும் இதே நியாயம்தான். ஒரே வேகத்தை நிறைய மிதி மிதித்து இலகுவாக எட்டலாம். கொஞ்ச மிதியில் அழுத்தி எட்டலாம். அழுத்தம் மூட்டில் இறங்குகிறது. வயதான மூட்டுக்கு இலகுவாகச் சுற்றுவதே நல்லது. நண்பருக்கு சைக்கிள் என்பது பொழுதுபோக்கு மட்டும் அல்ல. மனைவி போன பிறகு அவரை வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்ததே அதுதான். உழவர் சந்தைக்கும் மருந்துக் கடைக்கும் மகனை எதிர்பார்க்காமல் போய் வருகிறார். மூட்டு மக்கர் செய்தால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தோடு நிற்காது, இதெல்லாமே போய்விடும். நாலு பல்லுக்காக அவ்வளவு பெரிய பந்தயமா?

எதிர்த் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வயதுப் பையன், அவிநாசி ரோட்டில் மோட்டார் துணை இல்லாமலே 30-க்கு மேல் மிதிக்கிற தெம்பு உள்ளவன், மலைப்பக்கமே போகாதவன் என்றால் தாராளமாக மாற்றிக்கொள்ளட்டும். அவனும் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். அந்த மோட்டாருக்கென்று உள்ள செயின் வீல்தான் பொருந்தும். பெரிய சக்கரம் ஃபிரேமில் உரசாமல் இடைவெளி இருக்க வேண்டும். செயினையும் ஒரு ஜோடிக் கண்ணி நீட்ட வேண்டிவரும். தேய்ந்த பழைய செயினைப் புதுச் சக்கரத்தில் மாட்டினால் பல் சீக்கிரம் தேயும். வாரண்டி நிற்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சோதனை போதும். சமமான ரோட்டில் வழக்கமான வேகத்தில் போகும்போது, வலது முழங்கால் எத்தனை முறை மேலே வருகிறது என்று அரை நிமிடம் எண்ணுங்கள். இரண்டால் பெருக்குங்கள். அறுபதுக்குக் கீழே என்றால் இப்போதே கனமான கியரில் போகிறீர்கள். ஒரு தட்டு இலகுவாக்குங்கள். எழுபதுக்கும் எண்பதுக்கும் இடையில் இருந்தால் எதையும் தொடாதீர்கள். தொண்ணூறைத் தாண்டினால் கனமான கியருக்கு மாற்றுங்கள். அது பைசா செலவில்லாமல் ஹேண்டில்பாரிலேயே இருக்கிறது.

இளைஞர்கள் முந்திப் போனால் போகட்டும். அவர்கள் டீக்கடையில் நின்றுதானே ஆக வேண்டும்? நாலு நிமிடம் கழித்துப் போய்ச் சேர்ந்தாலும் டீ சூடாகத்தான் கிடைக்கும். நண்பரிடம் நான் சொன்னது இதுதான்: "38 பல்லு இன்னிக்கு உங்களை நாலு நிமிஷம் முன்னாடி கொண்டுபோய் விடலாமுங்க. 34 பல்லு எழுபத்தெட்டு வயசு வரைக்கும் கூட வருமுங்க." அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆனால் போன வாரம் கியரை மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.