நூல் எழுதாத பேராசிரியர்

ஓர் அறிஞரின் பெருமையை எதைக் கொண்டு அளப்பது? அவர் எழுதிய நூல்களைக் கொண்டு என்பதே பலரும் கூறும் விடை. அவ்வாறு அளந்தால் லூக்கா கினி என்ற இத்தாலியருக்குத் தாவரவியல் வரலாற்றில் இடமே இராது. அவர் தம் வாழ்நாளில் ஒரு தாவர நூலையும் வெளியிட்டவரல்லர். ஆயினும் தாவரவியல் பயிலும் ஒவ்வொரு மாணவனும் அவருக்குக் கடன்பட்டவன் என்பது என் துணிபு.

1490இல் இமோலா நகருக்கருகே பிறந்த கினி, பொலோனியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1527இல் பட்டம் பெற்றார். பின்னர் அங்கேயே மூலிகைப் பாடம் நடத்தும் ஆசிரியரானார். அந்நாளில் தாவர அறிவு மருத்துவத்தின் ஒரு கிளையாகவே இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் தியாஸ்கோரிடிஸ் எழுதிய நூலே அதற்கு வேதம். ஆசிரியர் நூலைப் படித்து விளக்குவார், மாணவர் கேட்டுக்கொள்வர். ஆனால் நூலில் உள்ள பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது? அதிலேயே பெருங்குழப்பம். செடி மாறினால் மருந்து மாறும். மருந்து மாறினால் நோயாளியின் கதி என்ன?

இக்குழப்பத்திற்குக் கினி கண்ட தீர்வு எளியது: நூலைச் செடியின் அருகே கொண்டு செல்வது. கோசிமோ தெ மெதிச்சி என்ற ஆட்சியாளரின் அழைப்பை ஏற்றுப் பீசா நகருக்குச் சென்ற அவர், 1544ஆம் ஆண்டளவில் அங்கே பல்கலைக்கழகத்திற்கென ஒரு தாவரத் தோட்டம் அமைத்தார். உலகின் முதற் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டங்களுள் ஒன்று அது. இடம் மாறினாலும் இன்றும் அத்தோட்டம் வாழ்கிறது.

ஆனால் எல்லாச் செடிகளும் எல்லாக் காலத்திலும் பூப்பதில்லையே! அதற்கும் அவர் வழி கண்டார். செடிகளைத் தாள்களிடையே வைத்து அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி வைத்தார். நாம் இன்று ‘ஹெர்பேரியம்’ என்று வழங்கும் முறையைத் தோற்றுவித்து, மாணவர் வாயிலாகப் பரப்பியவர் கினியே எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. 1551இல் மத்தியோலி என்ற அறிஞருக்கு அவர் இத்தகைய உலர்ந்த செடிகளை அனுப்பினார். தியாஸ்கோரிடிஸ் நூலுக்கு உரை எழுதிப் பெரும்புகழ் ஈட்டியவர் மத்தியோலி. கினி தம் குறிப்புகளையும் அவருக்கு மனமுவந்து வழங்கினார்.

“எழுதாதவன் மறக்கப்படுவான், கினி செய்தது ஏமாளித்தனம்” என்று சிலர் கூறலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு. கினியின் உலர்தாவரத் தொகுப்பு இன்று நமக்குக் கிட்டவில்லை. ஆனால் அவருடைய மாணவர் அல்ட்ரோவாண்டி தொகுத்த ஏறத்தாழ 5000 செடிகள் பொலோனியாவில் இன்றும் உள்ளன. மற்றொரு மாணவர் செசல்பினோ, 1583இல் வெளியிட்ட நூலில் செடிகளை அவற்றின் மருத்துவப் பயனைக் கொண்டல்லாமல் கனி, விதை ஆகியவற்றின் அமைப்பைக் கொண்டு வகைப்படுத்தினார். மயிற்கொன்றையின் பேரினப் பெயரான ‘செசல்பினியா’ அவரை நினைவூட்டுவதே. 1556இல் மறைந்த கினியின் நூல்கள் இம்மாணவர்களே என்றால் மிகையாகாது.

இதை நான் இங்கு எழுதக் காரணம் உண்டு. செய்முறைத் தேர்வுக்கான உலர்தாவரத் தாள்களைக் காசு கொடுத்து வாங்குவதும், மூத்த மாணவரின் தாள்களுக்குப் புது அட்டை போடுவதும் இன்று நம்மிடையே வழக்கமாகிவிட்டன. மதிப்பெண் கிடைக்கும், செடி கிடைக்குமா? கினி ஒழிக்க முயன்ற ‘செடியைக் காணாத படிப்பு’ அவர் கண்டுபிடித்த தாளின் மீதே மீண்டும் குடியேறலாமா?

என் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் தாய் கூலிக்குக் களையெடுப்பவர். நெல்லைப் போலவே தோன்றும் குதிரைவாலிப் புல்லைக் கதிர் வருமுன்பே இனங்கண்டு பிடுங்கிவிடுவார். இலையும் தண்டும் சேருமிடத்தில் நெல்லுக்குச் சிறு நாவு உண்டு, அப்புல்லுக்கு இல்லை என்று நான் வகுப்பில் கற்றேன். அவர் கண்ணறிவுக்கு நூல் காரணம் காட்டுகிறது. என் நூலறிவுக்கு அவருடைய வயல் உயிர் கொடுக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்ததே கல்வி. எழுத்தறியாத வீடுகளிலிருந்து வரும் நம் போன்றோர் தாழ்வுணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை; நம் வீட்டாரிடம் கேட்கவும் நாணவேண்டியதில்லை.

எனவே மாணவ நண்பர்களே, இவ்வாண்டு பத்துச் செடிகளையேனும் நம் கையாலேயே பறித்து, உலர்த்தி, ஒட்டுவோம். பறித்த இடம், நாள், ஊரார் வழங்கும் பெயர் ஆகியவற்றையும் குறிப்போம். ஆசிரியப் பெருமக்கள் தாளின் அழகுக்கு மதிப்பெண் வழங்குவதைக் காட்டிலும், அச்செடியைப் பற்றி எங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டுகிறேன். விடை சொல்லத் தெரிந்தவனே அத்தாளுக்கு உரியவன்.