மந்திரவாதிக்கு எத்தனை மந்திரம்?

விளையாட்டுக்கு விதி எழுதுவதைவிட, எழுதிய விதியைத் திருத்துவதுதான் கடினம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் ஆகிய இருவரின் பெயரில் 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" விளையாட்டின் வரலாறு இதற்குச் சான்று.

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரன், திருடன், மந்திரவாதி என வேடம் ஏற்று மேஜையைச் சுற்றி அமர்ந்து ஆடுவது இது. மந்திரவாதிக்கான விதி, ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளர் 1950-இல் வெளியிட்ட கதைகளைத் தழுவியது. முன்கூட்டியே மந்திரத்தை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை ஏவியதும் அது நினைவை விட்டு அகன்றுவிடும். புதிய மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரே மந்திரம். கவசமும் கிடையாது. அந்த ஒன்றும் தீர்ந்தபின் அவனுக்கு என்ன வேலை? தோழர்களின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பதுதான்!

ஆடுவோரின் முறையீட்டில் நியாயம் இருந்தது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் புதுவகை மந்திரவாதி ஒருவன் சேர்க்கப்பட்டான். அவன் எதையும் முன்கூட்டித் தேர்ந்து பதித்துக்கொள்ள வேண்டியதில்லை. கூடுதலான தடவைகள் ஏவலாம். ஆனால், அவன் அறிந்த மந்திரங்கள் குறைவு. ஒன்றைப் பெற்று ஒன்றை விடும் நேர்மையான ஏற்பாடு இது.

2008-இல் வந்த நான்காம் பதிப்போ வேரிலேயே கை வைத்தது. எப்போதும் பயன்படுவன, மோதலுக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை என ஆற்றல்கள் வகுக்கப்பட்டன. வீரனுக்கும் மந்திரவாதிக்கும் ஏறக்குறைய ஒரே அட்டவணை. சமநிலை கிடைத்தது உண்மை. தனித்தன்மை போனதும் உண்மை. ஆடுபுலி ஆட்டத்தில் ஆட்டுக்கும் புலிக்கும் ஒரே நகர்வைக் கொடுத்தால் ஆட்டம் ஏது? பழைய விதிகளையொட்டி 2009-இல் வெளிவந்த "பாத்ஃபைண்டர்" பக்கம் பலர் சாய்ந்ததில் வியப்பில்லை.

பாடம் வீணாகவில்லை. 2012-இல் அடுத்த பதிப்பின் வரைவை வெளியிட்டு, ஆடுவோரிடமே கருத்துக் கேட்டார்கள். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் சிறு மந்திரங்களுக்குக் கணக்கில்லை. பெரியவற்றுக்கு மட்டும் நாளுக்கு இத்தனை என்று அளவு உண்டு. மந்திரவாதி வெறுங்கையுடன் நிற்பதில்லை. கையிருப்பையும் மறந்துவிட முடியாது.

இதிலும் ஓட்டை இருக்கிறது. நாளுக்கு ஒரே மோதல் என்று கதை நடத்தினால், மந்திரவாதி இருப்பு முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு ஓய்வெடுக்கலாம். வாளேந்திய வீரன் வாய் பார்த்து நிற்பான். இதற்கு மருந்து புத்தகத்தில் மட்டும் இல்லை. கதை நடத்துபவரின் கையிலும் இருக்கிறது.

எனவே, விதியைத் திருத்தப் புகுவோர் ஒன்றை நினைவில் கொள்வது நல்லது. அகற்ற வேண்டியது மந்திரவாதி கைகட்டி நிற்கும் நேரத்தை, "இப்போதே ஏவுவதா, பிறகுக்கு வைப்பதா?" என்று அவன் தவிக்கும் நேரத்தை அல்ல. அந்தத் தவிப்பு போய்விட்டால், மேஜையில் மிஞ்சுவது பகடைக்காய்கள் மட்டுமே.