சீனரது உருவ ஓவியம்

சீன ஓவியம் என்றவுடன் மலையும் மூடுபனியும் மூங்கிலுமே நம்மிற் பலர்க்கு நினைவில் எழுகின்றன. மனித உருவை எழுதுவதிற் சீனர் வல்லரல்லர் என்றும், அவர் எழுதிய முகங்கள் நிழலின்மையால் தட்டையாயின என்றும் கூறுவாருமுளர். இக்கூற்றை நாம் ஒப்புவதற்கில்லை.

நிழலிட்டு உருவைத் திரட்சியுறக் காட்டும் முறையைச் சீனர் அறியாதாரல்லர். பௌத்த சமயத்தோடு இந்தியாவினின்று மத்திய ஆசியா வழியே சென்ற அம்முறையைத் துன்ஹுவாங் குகைச் சுவர்களில் இன்றுங் காணலாம். அறிந்திருந்தும், பெரும்பாலும் கோடுகளையே அவர் தெரிந்துகொண்டனர். கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் ஷியே ஹே வகுத்த ஆறு விதிகளுள் உயிர்ப்பே முதலாவது. தூரிகைக் கோட்டின் உறுதி இரண்டாவது. உருவ ஒப்புமை மூன்றாவதே. இவ்வரிசையை உளங்கொள்ளாது குறை கூறுதல், வழக்கின் ஒரு பக்கத்தையே கேட்டுத் தீர்ப்புரைப்பதோடொக்கும்.

4-ஆம் நூற்றாண்டினராகிய கூ காய்ஜி, உருவத்தை எழுதி முடித்தும் கண்மணிகளை ஆண்டுக்கணக்கில் எழுதாது விடுவாராம். உயிர்நிலை கண்ணிலன்றோ உள்ளது! அவர் பெயரால் வழங்கும் பட்டுச்சுருளொன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றது; அது பிற்காலப் படியென்பது அறிஞர் கருத்து. அதன்கண் ஒரு மங்கை நமக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கின்றாள். கையிலேந்திய கண்ணாடியில் அவள் முகம் தோன்றுகின்றது. அயலில் மற்றொருத்திக்குப் பணிப்பெண் தலைவாருகின்றாள். சுவரில்லை, தரையில்லை; எனினும் அது அந்தப்புரம் என்பதில் ஐயம் எழவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் லியாங் காய் என்பார் கவிஞர் லி போவின் அங்கி முழுதையும் சில வீச்சுக்களிலேயே முடித்துவிட்டார்.

பின்னர் இக்கலை தளர்ந்தது. கற்றோர் மலைநீர்க் காட்சியையே உயர்ந்ததெனக் கொள்ள, மனிதர் பாறையடியில் எறும்பளவாயினர். அரசரும் அழகியரும் முனிவருமே பெரிதும் எழுதப்பெற்றனர். 1516-இல் ஜோ சென் இரவலரை எழுதியதுபோல்வன மிக அரிய. நிழலின்மையன்று, ஏழையின் முகமின்மையே இக்கலையின் மெய்யான குறையென்போம்.

அக்குறை நீங்கியது 20-ஆம் நூற்றாண்டில். பாரிஸிற் பயின்ற சூ பெய்ஹோங், 1940-இல் இந்தியாவிற் தங்கியிருக்கையில் 'மலையைப் பெயர்த்த பேதைக் கிழவர்' என்னும் பெரும்படத்தை எழுதினார். அதன் உடற்கட்டுக்கள் வியத்தற்குரியனவேனும், மேனாட்டுப் பயிற்சி கோட்டினை விஞ்சி நிற்பதாகவே எமக்குத் தோன்றுகின்றது. ஜியாங் ஜாவோஹே அங்ஙனமல்லர். போரால் வீடிழந்தோர் நூற்றுவரை ஆளுயரத்தில் அவர் எழுதிய 'அகதிகள்' என்னும் நெடுஞ்சுருளில், முகங்களில் நிழலுமுண்டு. கந்தலைத் தாங்கும் கோடும் தளரவில்லை. 1943-இல் பெய்ஜிங்கில் அது காட்சிக்கு வைக்கப்பட்ட அன்றே ஜப்பானியர் தடுத்தனர். பின்னர் ஒரு பாதி மறைந்தொழிந்தது. எஞ்சிய பாதி அந்நகரத்துத் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. அதில் காதுகளைப் பொத்திக்கொண்டு நிற்பவரும் உளர்.