உள்வாடகை: சாவியோடு பொறுப்பும் கைமாறுமா?



ஆசிரியருக்கு மாற்றல் கடிதம் வருவது புதிதன்று. வந்தவுடன் எழும் கேள்வி, "வாடகை வீட்டை என்ன செய்வது?" என்பதே. ஒப்பந்தம் முடியப் பல மாதங்கள் இருக்கும். இடையில் விலகினால் முன்பணம் போய்விடும். அப்போதுதான் உள்வாடகை நினைவுக்கு வருகிறது. வீட்டை வேறொருவருக்கு விட்டு, அவர் தரும் பணத்தைக் கொண்டு நாம் உரிமையாளருக்கு வாடகை கட்டுவது.

நானும் அதைச் செய்தவன்தான். கிள்ளானிலிருந்து ஜொகூருக்கு மாற்றலானபோது, என் அடுக்குமாடி வீட்டை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் குடும்பத்தாருக்கு விட்டேன். தெரிந்தவர்கள்தாமே என்று எதையும் எழுதிக்கொள்ளவில்லை. உரிமையாளரிடமும் சொல்லவில்லை. "மாதந்தோறும் வாடகை சேர்கிறது, யார் குடியிருந்தால் அவருக்கென்ன?" என்று எனக்கு நானே நியாயம் கூறிக்கொண்டேன்.

நான்காம் மாதம், குழாய் ஒழுகுவதாகக் கீழ்வீட்டார் முறையிட்டனர். பார்க்க வந்த உரிமையாளர், முன்பின் அறியாதவர்கள் குடியிருப்பதைக் கண்டார். கையில் ஒரு தாளும் இல்லாத அக்குடும்பத்தார், வீண் சச்சரவுக்கு அஞ்சிப் பள்ளித் தவணையின் நடுவில் வீட்டைக் காலி செய்தனர். அம்மாணவி பள்ளி மாறினாள். என் முன்பணத்தைக் காக்க நான் செய்த காரியத்திற்கு விலை கொடுத்தவள் எட்டு வயதுக் குழந்தை!

ஆகவே என் கருத்து இதுதான்: உள்வாடகை தவறன்று, மறைத்து விடுவதே தவறு.

முதலில் நம் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். உரிமையாளரின் எழுத்துபூர்வ இசைவின்றிப் பிறருக்கு விடக்கூடாது என்னும் விதி பெரும்பாலான ஒப்பந்தங்களில் உண்டு. அவர் மறுத்தால், நாமே வேறொரு வாடகையாளரைத் தேடித் தந்து, அவரோடு நேரடியாகப் புதிய ஒப்பந்தம் செய்துகொள்ளுமாறு வேண்டலாம். உண்மையில் அதுவே அனைவருக்கும் நல்லது.

இசைவு கிடைத்தாலும் பொறுப்பு தீர்வதில்லை. உரிமையாளருக்கு நாமே வாடகையாளர்; வந்தவர் வாடகை தராவிடினும் நாம் கட்ட வேண்டும். அவர் கதவை உடைத்தால் நம் முன்பணத்தில் கழியும். வந்தவருக்கோ நாமே வீட்டுக்காரர். அவர் தந்த முன்பணம் திருப்பித் தரவேண்டிய பணம், செலவுக்கன்று. நம் ஒப்பந்தம் முடியும் நாளுக்கு அப்பால் அவருக்கு ஒருநாள்கூட வாக்களிக்க நமக்கு உரிமையில்லை.

அவருடனும் ஒப்பந்தம் எழுதி முத்திரைத் தீர்வை செலுத்துங்கள். 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின்படி, முறையாக முத்திரையிடாத ஆவணத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை. சாவி கொடுக்கும் நாளில் வீட்டின் நிலையைப் படம் எடுத்து, மின்சார, தண்ணீர் மீட்டர் அளவுகளை இருவரும் குறித்துக் கையொப்பமிடுங்கள். வெளிநாட்டவராயின் கடப்பிதழையும் அனுமதியையும் நேரில் பாருங்கள்; ஆவணமற்றவரைக் குடிவைப்பது குடிநுழைவுச் சட்டப்படி குற்றமாகும்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். உள்வாடகைக்குப் போகுமுன், "உரிமையாளரின் இசைவுக் கடிதம் எங்கே?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்கப்படுபவர் உங்கள் பிள்ளையின் ஆசிரியராக இருந்தாலும் கேளுங்கள். அன்று என்னிடம் எவரேனும் அதைக் கேட்டிருந்தால், அக்குழந்தை தன் வகுப்பிலேயே இருந்திருப்பாள்.