அரண்மனைச் சீரமைப்பில் மக்கள் பிரதிநிதிகளின் இடம்: எங்கள் நிலைப்பாடு

புதுக்கோட்டையின் புது அரண்மனைதான் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம். அதைச் சீரமைக்கவும் காக்கவும் எப்போது எந்தத் திட்டம் தீட்டினாலும், மாவட்டத்தின் ஆறு சட்டமன்ற உறுப்பினர்களும், இம்மாவட்டப் பகுதிகளைத் தங்கள் தொகுதிகளில் கொண்ட நான்கு நாடாளுமன்ற உறுப்பினர்களும் முதல் நாளிலிருந்தே அதில் பங்கேற்க வேண்டும். அடிக்கல் நாட்டவும் திறந்து வைக்கவும் மட்டும் அவர்களை அழைப்பது போதாது. இதுவே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் பட்டாவுக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் மனு எழுதிக்கொண்டு வருகிறவர்கள், தொண்டைமான் மன்னர்களில் கடைசியாக ஆண்ட ராஜகோபாலத் தொண்டைமான் காலத்து அரண்மனைக்குள்தான் நுழைகிறார்கள். 1948 மார்ச் மாதம் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகத்துக்கு இந்த இந்தோ-சாரசெனிக் பாணி மாளிகை கிடைத்தது. மன்னர் வீடு மக்கள் வரிசையில் நிற்கும் இடமாக மாறிய இந்த மாற்றத்தை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம். கட்டிடத்தைப் பூட்டிவைத்துக் காட்சிப்பொருளாக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. மனுக்காரர்கள் வந்துபோகும் இடமாகவே அது நிலைத்து நிற்க வேண்டும்.

இதில் மக்கள் பிரதிநிதிகளுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, இந்த ஊரின் வரலாற்றையே முதல் பதிலாகச் சொல்வோம். மைசூர் சமஸ்தானம் 1881-இல் பிரதிநிதிகள் சபையைத் தொடங்கியது. 1902-இல் புதுக்கோட்டையிலும் அப்படி ஒரு சபை வந்தது. 1924-இல் சட்டசபையும் அமைந்தது. நாடு விடுதலை அடைவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்பே, இந்தச் சின்னஞ்சிறு சமஸ்தானத்தில் வரியைப் பற்றியும் செலவைப் பற்றியும் கேள்வி கேட்க ஓர் அவை இருந்தது. அதன் அதிகாரம் குறைவுதான். கடைசிச் சொல் மன்னர் ஆட்சியினுடையதே. ஆனாலும் கேட்கும் பழக்கம் அங்கே தொடங்கியது. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகி அதன் துணைத் தலைவராகவும் அமர்ந்தார். அடுத்த ஆண்டு திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி, மத்திய சட்டசபையில் ஆங்கில அரசைக் கேள்விகளால் திணறடித்தார். இப்படிப்பட்ட மண்ணில், சமஸ்தான ஆட்சியின் பெரிய அடையாளத்தை என்ன செய்வது என்பதை அதிகாரிகளும் ஒப்பந்தக்காரரும் மட்டும் பேசி முடிப்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு காரணம் தொகுதி எல்லைகளில் இருக்கிறது. 2009 தேர்தலிலிருந்து புதுக்கோட்டை என்ற பெயரில் மக்களவைத் தொகுதி இல்லை. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிராப்பள்ளியோடு போயின. விராலிமலை கரூரோடு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையோடு, அறந்தாங்கி ராமநாதபுரத்தோடு. நான்கு எம்.பி.க்களுக்கும் இந்த மாவட்டம் தொகுதியின் ஓர் ஓரம். அரண்மனைக்காக டெல்லியில் பேசுவது யாருடைய பொறுப்பு? நால்வருக்கும் பொது என்று எழுத்தில் வைக்காவிட்டால் அது யாருடைய பொறுப்பும் இல்லாமல் போகும்.

அரசியல்வாதிகள் நுழைந்தால் வேலை கெடும் என்ற அச்சம் எங்கள் உறுப்பினர்கள் சிலரிடமும் இருந்தது. அது வெறும் அச்சம் அல்ல. மரபுக் கட்டிட வேலைக்கு அவசரம் பகை. சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூசும் சாந்து, தன் போக்கில்தான் இறுகும். ஒரு பூச்சு காயாமல் அடுத்த பூச்சுக்குப் போக முடியாது. ஐப்பசி அடைமழைக்கு முன் கூரை வேலை முடியாவிட்டால், தை வரை காத்திருக்க வேண்டிவரும். தேர்தல் தேதியையோ திறப்பு விழாவையோ மனத்தில் வைத்து யாராவது நெருக்கினால், ஒப்பந்தக்காரர் சிமெண்டை எடுப்பார். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புள்ளது. சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரம் சில ஆண்டுகளில் பூச்சை உப்பவைத்துப் பெயர்த்துத் தள்ளும். ஆகவே சாந்துக் கலவை, கொத்தனார் தேர்வு, வேலையின் வரிசை ஆகியவற்றைப் பொதுப்பணித் துறையின் மரபுக் கட்டிடப் பொறியாளர்களும் தொல்லியல் துறையும் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். பிரதிநிதிகள் அதில் கை வைக்கக் கூடாது.

கட்டிடம் எதற்குப் பயன்பட வேண்டும், எவ்வளவு பணம், எத்தனை ஆண்டு, வேலை நடக்கும்போது மனுக்காரர்கள் எங்கே போவார்கள் என்பவை வேறு வகைக் கேள்விகள். அவற்றை முடிவு செய்ய வாக்கு வாங்கியவர்களுக்கு உரிமை உண்டு. அவர்களை ஒதுக்கிவிட்டுத் திட்டம் தீட்டினால், நிதிநிலை அறிக்கையில் அதற்காக வாதாட யாரும் இருக்க மாட்டார்கள்.

இரண்டு வெளிநாட்டு அனுபவங்களை எங்கள் கூட்டத்தில் நீண்ட நேரம் பேசினோம். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கூடும் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகையைச் சீரமைக்க உறுப்பினர்கள் முழுதாக வெளியேற வேண்டும் என்ற முடிவு, 2018 ஜனவரியில் மக்களவையில் 236-க்கு 220 என்ற வாக்கில்தான் நிறைவேறியது. 2019-இல் அதற்கென்று சட்டமும் வந்தது, பணியை மேற்பார்க்கத் தனி அமைப்பும் உருவானது. ஆனால் செலவும் காலமும் கண்டு உறுப்பினர்கள் பின்வாங்கினார்கள். 2022-இல் அந்த அமைப்பே கலைக்கப்பட்டது. கனடா வேறு வழியில் போனது. ஒட்டாவா நாடாளுமன்றத்தின் நடுக்கட்டிடத்தை மூடிவிட்டு வேலை தொடங்கியபோது, பல கட்சி உறுப்பினர்கள் கொண்ட பணிக்குழு ஒன்று அவையின் தேவைகளைக் கேட்டு முடிவுகளில் கலந்துகொண்டது. பத்தாண்டுக்கும் மேல் நீளும் வேலை அது. நடுவில் தேர்தல்கள் வரும், ஆட்சியும் மாறும். குழுவில் எல்லாக் கட்சிகளும் இருப்பதால் திட்டம் ஒரு கட்சியின் சொத்தாகச் சுருங்காது.

ஆட்சி மாறினால் கட்டிடத்தின் கதியும் மாறுவதை நம் மாநிலமும் பார்த்திருக்கிறது. சட்டப்பேரவைக்காக ஓமந்தூரார் வளாகத்தில் எழுந்த கட்டிடம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டு, 2014-இல் மருத்துவமனையானது. அது சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறக்கூடிய ஒரு தரப்பின் விருப்பத்தில் மட்டும் ஒரு கட்டிடத்தின் எதிர்காலத்தை நிறுத்தக் கூடாது என்பதற்காகச் சொல்கிறோம்.

சீரமைக்கும் திறன் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. சேப்பாக்கத்தில் 2012 ஜனவரியில் தீக்கிரையான கலச மஹாலையும், பாழடைந்து கிடந்த ஹுமாயூன் மஹாலையும் பொதுப்பணித் துறையே மீட்டெடுத்தது. ஆனால் ஒன்று எரிந்த பிறகு, மற்றது சிதைந்த பிறகு. புதுக்கோட்டை அரண்மனைக்கு அந்த நிலை வரும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் பேரவையில் நிறைவேறியது. சட்டம் இயற்றிய அவையின் உறுப்பினர்களே தங்கள் மாவட்டத்தில் அது எப்படி நடைமுறையாகிறது என்று கேட்க வேண்டும்.

ஆகவே ஆட்சியரின் அழைப்பில் பத்துப் பிரதிநிதிகளும் இடம்பெறும் ஒரு கூட்டுக் குழு அமைய வேண்டும் என்று கோருகிறோம். அதில் இடம் ஆளுக்கு அல்ல, தொகுதிக்கு. தேர்தலில் யார் வென்றாலும் அந்த நாற்காலி தொடரும். ஆண்டுக்கு இருமுறை அவர்கள் கட்டிடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும், மொட்டை மாடியும் மழைநீர்க் குழாய்களும் உட்பட. பார்த்ததை எழுதி, செலவுக் கணக்கோடு எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்காகச் சுவரைத் துளைப்பதானாலும், தடுப்பு வைத்து அறையைப் பிரிப்பதானாலும், மரபுக் கட்டிடப் பொறியாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். ஓர் அறையை சமஸ்தானத்தின் சபைகளுக்கென்று ஒதுக்கி, 1902 முதல் 1948 வரை அந்தச் சபைகளில் என்ன கேட்கப்பட்டது, என்ன பதில் கிடைத்தது என்பதை மாணவர்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். 1910-இல் தொடங்கிய புதுக்கோட்டை அருங்காட்சியகம் ஊரிலேயே இருப்பதால், பொருள்களைக் காக்கத் தெரிந்தவர்களைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை.

இந்த அறிக்கையின் படியைப் பத்துப் பிரதிநிதிகளுக்கும் அனுப்புகிறோம். அடுத்த நிதிநிலைக் கூட்டத்தொடருக்கு முன் ஏதாவது ஒரு காலையில், கட்சிக்கொடி இல்லாத வண்டிகளில், பத்துப் பேரும் ஒன்றாக அரண்மனைக்கு வாருங்கள். பொறியாளரையும் சுண்ணாம்பு வேலை தெரிந்த மூத்த கொத்தனார் ஒருவரையும் கூட்டிக்கொண்டு நாங்கள் வாசலில் நிற்போம்.