காளான் தாவரம் அல்ல

காளானைப் 'பச்சையம் இல்லாத தாவரம்' என்று சொல்லிக்கொடுக்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. பச்சையம் இல்லை, இலை இல்லை, வேர் இல்லை, விதை இல்லை என்று அடுக்கிவிட்டு, கடைசியில் தாவரம் என்று முடிப்பது என்ன நியாயம்? மண்ணில் முளைக்கிறது, இடம்விட்டு நகர்வதில்லை. காட்டப்படும் சான்று இவ்வளவுதான். 1753-ல் உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் காளான்களைத் தாவரங்களோடு சேர்த்தபோது அவருக்கு வேறு வழியில்லை. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

1969-ல் ராபர்ட் விட்டேக்கர் தம் ஐந்துலக வகைப்பாட்டில் காளான் உள்ளிட்ட பூஞ்சைகளைத் தனி உலகமாக வைத்தார். அவர் கவனித்தது, அவை உண்ணும் விதத்தை. பூஞ்சை தன் நொதிகளை வெளியே சுரந்து, உணவை அது கிடக்கும் இடத்திலேயே கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. வெயிலைக்கொண்டு உணவு ஆக்கும் தாவரத்துக்கும் இதற்கும் என்ன ஒட்டு? பூஞ்சையின் செல்சுவரில் இருப்பது கைட்டின். இறால் ஓட்டில் இருக்கும் அதே பொருள். அது சேமித்துவைப்பது நம் ஈரலில் சேரும் கிளைக்கோஜன். நீரில் வாழும் கைட்ரிட் பூஞ்சைகளின் வித்துகள் பின்புறமுள்ள ஒற்றைக் கசையிழையால் நீந்துகின்றன, மனித விந்தணுவைப் போலவே. 1993-ல் வந்த மரபணு ஒப்பீடுகள் இதை உறுதி செய்தன: பூஞ்சையும் விலங்கும் ஒரே கிளையிலிருந்து பிரிந்தவை, தாவரம் இரண்டுக்குமே தூரத்து உறவு.

எந்தப் பட்டியலில் இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் கொரோனாவோடு கருப்புப் பூஞ்சையும் பரவிய 2021-ஐ நினைத்துப் பார்க்கட்டும். அது தாக்கியவர்களுக்கு ஏற்றப்பட்ட ஆம்போடெரிசின்-பி மருந்து, பூஞ்சையின் செல்சவ்விலுள்ள எர்கோஸ்டிராலைப் பற்றி அதைக் கொல்கிறது. நம் சவ்வில் இருக்கும் கொலஸ்டிரால் அதற்கு மிக நெருங்கிய பொருள் என்பதால், அந்த மருந்து நோயாளியின் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கிறது. பாக்டீரியாவைக் கொல்ல அத்தனை மருந்துகள் இருக்க, பூஞ்சைக்கு விரல்விட்டு எண்ணும் வகைகளே இருப்பதற்கு இந்த நெருங்கிய உறவு ஒரு முக்கியக் காரணம்.

தோற்றத்தை வைத்து உறவு சொல்லும் பழக்கம் எதிர்த்திசையிலும் ஏமாற்றுகிறது. 1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்து, சுமார் பத்து லட்சம் பேர் மடிந்த பஞ்சத்துக்கு வித்திட்ட ஃபைட்டாப்தோரா, பூஞ்சை போலவே இழை இழையாகப் படரும். ஆனால் அது பூஞ்சையே இல்லை. அதன் சுவரில் செல்லுலோஸ், அதன் சொந்தங்கள் கடலின் பழுப்புப் பாசிகள். நீலகிரி உருளைக்கிழங்கின் பின்கருகலுக்குக் காரணம் இதுவே. கம்பம் திராட்சையின் அடிச்சாம்பலும் இதே கூட்டத்தின் வேலை. அதே கொடியில் வரும் சாம்பல் நோயோ அசல் பூஞ்சையால் வருவது. இரண்டையும் 'பூஞ்சண நோய்' என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். சாம்பல் நோயைத் தடுக்கும் ட்ரையசோல் மருந்துகள், பூஞ்சை எர்கோஸ்டிரால் தயாரிப்பதை முடக்குபவை. அடிச்சாம்பல் கிருமி அதைத் தயாரிப்பதே இல்லை. அடிச்சாம்பலுக்கு அந்த மருந்தை வாங்கி அடிக்கும் விவசாயிக்குப் பணமும் போகிறது, கொடியும் போகிறது.